என் காலடி மண்

என் மகள் குண்டானபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், நான் ஏதோ ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டவள் போல ஆகிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. அவள் கன்னம் உப்பி வருவதைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த டீச்சர் என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாது, இல்லையா?

பிறந்ததிலிருந்து அவள் ஒல்லி. ஐப்பசி மழை தொடங்கினால் இளைப்பு வந்துவிடும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்கு நடுவே குழி விழும். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது ஒருத்தி என் இடுப்பிலிருந்து அவளை வாங்கி, ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, பந்தியில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னளா, பிள்ளைக்குச் சோறு போடுதியா இல்லையா? வெறும் எலும்பாக் கெடக்கு" என்பாள். இன்னொருத்தி, "அம்மைக்காரி விடியுமுன்ன வேலைக்குப் போயிட்டா பிள்ளை பிறகு எப்படி இருக்கும்?" என்பாள். நான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்று பெயர் வரும். அந்தப் பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு பாளையங்கோட்டையில், பள்ளிக்கூடம் ராதாபுரம் பக்கம். மகள் தூங்கும்போது கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவேன். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் மதினிதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். மதினியின் பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள், கணவர் இறந்துவிட்டார். எனக்குப் பிரசவமானபோது வந்தவள், பிறகு எங்களோடேயே தங்கிவிட்டாள். அவள் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருக்க வேண்டியதுதான். இதை நான் மறைக்கவில்லை. அவளும் ஒருநாளும் மறைத்ததில்லை.

அந்த வருஷம், மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது, மழைக்காலம் வந்தது, இளைப்பு வரவில்லை. ஈரக்காற்று அடித்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இருமின, இவள் மட்டும் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. கார்த்திகை முடிவதற்குள் கன்னம் வைத்தது. மார்கழியில் தாடைக்குக் கீழே இன்னொரு மடிப்பு விழுந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. இட்லித் தட்டை எடுப்பதற்குள் இன்னொன்று கேட்பாள். மதினி பொங்கிப் பொங்கி ஊட்டுவாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கரண்டி தேன் கொடுப்பாள். அதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். தேன் தானே, தொண்டைக்கு நல்லது என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "இது உன் பிள்ளையாளா? நம்பவே முடியலையே, தேறிட்டா..." என்று ஒருத்தி ஆரம்பித்ததும் மதினி ஓடிவந்து, "சொல்லாதீக, சொல்லாதீக" என்று குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது குழந்தையின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மை இருந்தது.

எங்கள் வீடுகளில் உள்ள சட்டம் இது. பிள்ளை மெலிந்திருந்தால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், பெற்றவள் முகத்துக்கு நேராகச் சொல்லலாம், பந்தியில் வைத்துச் சொல்லலாம். பிள்ளை சதை போட்டுவிட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணேறு பட்டுவிடும். சொல்லாமல் இருப்பதுதான் அன்பு. என் மகளின் முகம் மாதத்துக்கு மாதம் உருண்டுகொண்டே போனபோது ஊரே அந்த அன்பைக் காட்டியது.

எனக்கு உறுத்தல் தொடங்கியது பள்ளிச் சீருடையில். பொங்கல் விடுமுறை முடிந்து மாட்டிவிட்டபோது முதுகுக் கொக்கி எட்டவில்லை. இரண்டு பக்கமும் பிரித்துத் தைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். கீழ் விளிம்பையும் இறக்க வேண்டியிருக்கும் என்று அவள் காலோடு வைத்துப் பார்த்தேன். விளிம்பு ஆனி மாதம் பள்ளி திறந்தபோது எங்கே நின்றதோ, முழங்காலுக்குக் கீழே அதே இடத்தில் நின்றது. அத்தனை மாதமாக நன்றாகத் தின்கிற பிள்ளை அகலமாகியிருக்கிறாள், ஒரு விரற்கடை கூட உயரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். மகளுக்கு ஆறு என்றால் உயிர். படித்துறையில் சட்டையைக் கழற்றியபோது அவள் வயிற்றின் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடுகள் ஓடுவதைப் பார்த்தேன். ஜட்டியின் எலாஸ்டிக் அழுத்தியிருக்கும் என்று தேய்த்துப் பார்த்தேன். எலாஸ்டிக் பட்ட இடமே அது இல்லை. வயிறு பானையாக முன்னால் தள்ளியிருந்தது, கைகால்கள் மட்டும் பழையபடி குச்சியாகவே இருந்தன. கன்னத்தில் பூனைமுடி. வெயிலில் அது நன்றாகத் தெரிந்தது. தாமிரபரணித் தண்ணீர் அந்த நேரத்தில் இதமாகத்தான் இருக்கும். எனக்குக் குளிர் எடுத்தது.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்டுவோம், இது நல்ல சதையாக எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "பிள்ளை நோஞ்சானா இருந்தப்பவும் அழுத. இப்ப நல்லா இருக்கா, இப்பவும் அழுத. உனக்கு என்னதான் வேணும்?"

"ஏங்க, வளரவே இல்லை. வயித்துல கோடு கோடா இருக்கு."

"தின்னா வயிறு இருக்கத்தான் செய்யும். நீ அதையே பாத்துக்கிட்டு இருக்காத" என்றார். எழுந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு அன்றைக்கு நான் வேறு அர்த்தம் செய்துகொண்டேன். சலிப்பு என்று நினைத்தேன்.

மதினியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விடுமுறை நாள் காலை, மகள் தோசைக்கு மேல் தோசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதினி இன்னொன்றைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தபோது தட்டின் மேல் கையை வைத்துத் தடுத்துவிட்டேன்.

"போதும் மதினி. வயித்தைப் பாருங்க. இது தேறின உடம்பு இல்லை, ஊதின உடம்பு. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

தோசை அவள் கையிலேயே இருந்தது. மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மதினி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

"பெத்தவ வாயால சொல்லுத சொல்லாளா இது? அடுத்தவ சொன்னாக் கூட கழிச்சுரலாம். நீ சொன்னா எங்கன கொண்டு போய்க் கழிக்க?" என்றாள்.

தாயின் கண்தான் எல்லாக் கண்ணிலும் பொல்லாதது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெற்றவள் பிள்ளையை ஆசையாகப் பார்த்தாலே ஆகாது என்பார்கள். நான் ஆசையாகப் பார்க்கக் கூட இல்லை. பயந்து பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருக்கும் போலிருக்கிறது.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் தெருமுனை வரை போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பி நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் மண் தரை. நான் கிளம்புவதற்கு முன்பே மதினி தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். ஈர மண்ணில் என் செருப்புத் தடம் கேட்டைத் தாண்டிப் பதிந்து கிடந்தது. மதினி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு காகிதத் துண்டில் அந்தத் தடத்திலிருந்து மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். இடது தடத்தில் ஒரு கிள்ளு, வலது தடத்தில் ஒரு கிள்ளு.

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனில் நான் வளர்ந்த தெருவில் இது நடக்காத வீடு கிடையாது. யார் கண் பட்டது என்று சந்தேகமோ, அவளுடைய காலடி மண்ணை அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். அதோடு உப்பு, மிளகாய் வத்தல், கடுகு எல்லாம் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். எதிர்வீட்டு அம்மாளின் காலடி மண், மூலை வீட்டுக்காரியின் காலடி மண் என்று எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறேன். பெற்றவளின் காலடி மண்ணைப் பிள்ளைக்குச் சுற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குத்தான் கிடைத்தது.

நான் பக்கத்து வீட்டு மதிலோரமாக ஒதுங்கி நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நேரே போய், "நல்லா வழிச்சு எடுங்க மதினி, வேணும்னா காலையே வெட்டித் தாரேன்" என்று கேட்டிருக்க வேண்டும். அவள் உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு, கண்ணாடி இல்லாமலேயே பஸ் ஏறினேன். அன்று கரும்பலகையில் நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

சாயந்திரம் கணவர் எனக்காகவே காத்திருந்தார் போல.

"அக்கா சுத்திப் போட்டிருக்கா. நெடியே வரலையாம்."

மிளகாய் வத்தல் எரியும்போது கமறினால் கண்ணேறு இல்லை. கமறாவிட்டால் உண்டு. அதுதான் கணக்கு. எங்கே போட்டார்கள் என்று கேட்டேன். பின்வாசலில், சிரட்டைத் தணலில் என்றார். வெட்டவெளியில், காற்றடிக்கிற இடத்தில் போட்டால் நெடி யார் மூக்குக்கு வரும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாக எடுக்கிறவள். கணவரும் பட்டம் வாங்கியவர், அரசாங்க அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவர்.

"யார் கண்ணாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு? நீ இனிமே அவ உடம்பைப் பத்திப் பேசாத, அவ்வளவுதான்" என்றார்.

வருகிற சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நானே டாக்டரிடம் கூட்டிப் போவது என்று முடிவு செய்துகொண்டேன். அந்தச் சனிக்கிழமை வருவதற்குள் மகளுக்குப் பசி நின்றுபோனது. தட்டைத் தள்ளிவிட்டாள். விளையாடப் போகாமல் சுவரோரம் சுருண்டு படுத்தாள். கால் வலிக்கிறது என்றாள், வயிறு வலிக்கிறது என்றாள். லேசாகக் காய்ச்சல் அடித்தது. வெள்ளிக்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டேன். மத்தியானம் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தவள், அப்படியே என் மடியில் துவண்டுவிட்டாள். உடம்பு சில்லிட்டு வேர்த்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறாள், என்னைத் தெரிந்த மாதிரி இல்லை.

கணவருக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். மதினி என்னிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். "சொன்னேம்லா? சொன்னேம்லா? கண்ணு பட்டா இப்படித்தான் பொசுக்குன்னு சாச்சுரும்" என்று அழுதாள். அழுதுகொண்டே முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். வெயிலுக்காக என்று முதலில் நினைத்தேன். வெயில் அந்தப் பக்கம் இல்லை. நான்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை, என் பிள்ளை மூச்சு விடுகிறதா இல்லையா என்று பார்க்கக் கூட என்னால் அந்தத் துணிக்கு மேலே கையை வைத்துத்தான் பார்க்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தை டாக்டர் ஒரு அம்மாள். என்னை விட இளையவள். மகளின் வயிற்றுக் கோடுகளைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உயரம் அளக்கச் சொன்னாள். பிறகு கணவரும் வந்து சேர்ந்ததும் எங்களை உட்காரவைத்து, "எத்தனை மாசமா ஸ்டீராய்டு கொடுக்கீங்க?" என்று கேட்டாள்.

"நாங்க எதுவுமே கொடுக்கலை" என்றேன்.

"இளைப்புக்கு?"

"இந்த வருஷம் இளைப்பே வரலை டாக்டர்."

"அதான் கேக்கேன். நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது?"

"எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது. நான் சயின்ஸ் டீச்சர்" என்றேன். அதைச் சொல்லும்போது நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், இவள் பொய் சொல்கிறாள் என்று எழுதியிருந்தது. சண்டை போடத் தயாரானேன். அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் கணவர் தன் கடிகாரப் பட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"ஒரு பொடி..." என்றார். "அக்கா வாங்கிட்டு வந்தா. தேன்ல குழைச்சு..."

டாக்டர் அவரிடம் நிறையக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. தெற்கே ஒரு ஊரில் ஒருவர் கொடுக்கிறார். இளைப்புக்குக் கைகண்ட மருந்தாம். புரட்டாசியிலிருந்து கொடுக்கிறார்கள். போன வாரத்தோடு பொடி தீர்ந்துவிட்டது, அந்த ஆள் ஊரில் இல்லை, வந்ததும் வாங்கலாம் என்று இருந்தார்கள். ஒவ்வொரு பதிலையும் நான் டாக்டரோடு சேர்ந்து முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினாள். இளைப்பு நின்றது அதனால். பசி எடுத்தது, முகம் உருண்டது, வயிறு வைத்தது, வளர்த்தி நின்றது எல்லாமே அதனால். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், அது சுரப்பதையே நிறுத்திவிட்டது. திடீரென்று பொடியும் நின்று, காய்ச்சலும் வந்ததும் தாங்க முடியாமல் விழுந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுலயே வச்சிருந்தா பிள்ளை கிடைச்சிருக்காது" என்றாள். இனி அதே வகை மருந்தைக் கணக்காகக் கொடுத்து, பைய பையக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"உன்கிட்ட மறைக்கணும்னு இல்லை. மருந்தைச் சொன்னா பலிக்காதும்பாங்க. அக்காதான் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னா."

ஆக, பிள்ளை குண்டாகிறாள் என்பதைச் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். எதனால் குண்டாகிறாள் என்பதையும் சொல்லக் கூடாது, மருந்து பலிக்காது. ஒரு வீட்டில் இரண்டு பேர் கண்ணும் கருத்துமாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வாயைத் திறந்தபோது அவள் காலடி மண்ணை எடுத்தார்கள். எனக்கு அந்த வராந்தாவில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தப் பொடிக்காரனைப் பற்றிப் புகார் கொடுப்போம் என்றேன். "அக்கா பேரும் வரும்லா" என்றார். சரி, நீங்களாவது நேரில் போய் இனிமேல் யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். திரும்பி வந்து, "ஒரே கூட்டம். எல்லாம் கைப்பிள்ளைக்காரிகள். நடுவுல போய் எப்படிப் பேச?" என்றார். கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மதினி என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் நான்தான் பைத்தியக்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் பொறுமையாக விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் பாடம் நடத்தியதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "இளைப்பு நின்னுச்சா இல்லையா?" என்றாள். பிறகு, "நெடி வரலையே, அதுக்கு உங்க டாக்டர் என்ன சொல்லுதா?" என்றாள்.

அவளை வீட்டை விட்டு அனுப்ப நான் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன், தினமும் நினைத்தேன். ஆனால் என் விடுப்பு தீர்ந்தது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? எந்தக் கையில் பொடியைக் குழைத்துக் கொடுத்தாளோ, அந்தக் கையிலேயே டாக்டர் கொடுத்த மாத்திரையை எண்ணி வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். அவள் ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை. பிள்ளை மேல் அவளுக்கு உயிர். அதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. வெறுப்பில் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மருந்து குறையக் குறைய மகளின் முகம் வடிந்தது. வயிறு உள்ளே போனது. கோடுகள் வெளுத்தன, முழுதாகப் போகவில்லை. இளைப்பு திரும்பி வந்தது. இப்போது அதற்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் கொடுக்கிறோம், கட்டுக்குள் இருக்கிறது. ஒருநாள் சீருடையின் விளிம்பை நான் இறக்கித் தைக்க வேண்டி வந்தது. அன்றைக்கு நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

இந்தச் சந்தோஷமும் என் ஒருத்திக்குத்தான். ஊருக்கு வேறு கணக்கு. அடுத்து வந்த ஒரு சடங்கு வீட்டில், போன பொங்கலுக்கு வாசலில் நின்ற அதே சொந்தக்காரி அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, "எப்படி இருந்த பிள்ளை! யாரு கண்ணு பட்டுச்சோ, இப்படி உருகிட்டே" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை. அந்தப் பார்வையிலிருந்து, கதை எப்படிச் சுற்றியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பொடியைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது. தாய்க்காரியின் கண்ணைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கணவர் அங்கேதான் இருந்தார். பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று சொல்லி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

பெரியவர்களை விடுங்கள். அவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று இருந்துவிடலாம், இருந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் பருப்புச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு மகளின் முன்னால் உட்கார்ந்தேன். நான் ஊட்டுவது அபூர்வம், பெரும்பாலும் நான் வருவதற்குள் அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். முதல் உருண்டையை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, கண்ண மூடிக்கிட்டு ஊட்டு."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எதுக்குட்டி?"

"நீ பாத்தா நான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போவேம்லா?" என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை பெய்தால் குடை எடுக்க வேண்டும் என்பது போலச் சொன்னாள். "நீ வேணும்னு பாக்கலை. எனக்குத் தெரியும். ஆனா உன் கண்ணு அப்படி" என்று எனக்குச் சமாதானமும் சொன்னாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். பொடியைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அத்தை தேனில் கொடுத்தாளே, அதுதான் என்று ஆரம்பித்தால், நாளை காலை நான் பஸ் ஏறிய பிறகு இந்தப் பிள்ளை யார் கையால் சாப்பிடும்? இன்னும் முழுதாக நிறுத்தாத அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். கையை நீட்டியபோது முதல் வாய் அவள் கன்னத்தில் இடித்தது. அவள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். மெல்லுகிற சத்தம் கேட்டது. விழுங்கிவிட்டு, "ம்" என்றாள். அடுத்த உருண்டையைத் தட்டில் தடவி எடுத்தேன். அப்படியே நாலைந்து வாய் போனது. நன்றாகத்தான் சாப்பிட்டாள், இவ்வளவு ஆவலாக என்னிடம் அவள் சாப்பிட்டதே இல்லை.

"திறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் சோறு இருக்கும்மா" என்றாள்.